ஏவுகணைக் கவசம் வந்தா அணுகுண்டு பயம் போயிடுமா? சூலூர் முதல் செங்கோட்டை வரை ஒரு விளக்கம்

சூலூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்குப் போர் விமானச் சத்தம் புதுசு இல்லை. தலைக்கு மேலே தேஜஸ் பறந்தால் குழந்தைகள் மட்டும்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். எல்லை எங்கேயோ ராஜஸ்தான், பஞ்சாப் பக்கம் இருக்கிறது, நமக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் என்ற நினைப்பு கொங்கு மண்டலத்தில் பலருக்கும் உண்டு.

ஆனால் ஏவுகணைக் கணக்கு வேற. கராச்சியில் இருந்து கோவைக்கு நேர்கோட்டில் சுமார் 1,850 கிலோமீட்டர்தான். பாகிஸ்தான் 2015-ல் சோதித்த ஷாஹீன்-3 ஏவுகணையின் தூரம் 2,750 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை ஒரு பாலிஸ்டிக் ஏவுகணை கடக்க ஏறக்குறைய கால் மணி நேரம் போதும். காந்திபுரத்தில் பஸ் ஏறி சிங்காநல்லூர் போய்ச் சேர இதைவிட அதிக நேரம் ஆகும்.

அப்படி வந்தால் தடுக்க முடியாதா? முடியும் என்கிறது இந்தியா. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர் மோடி, 'சுதர்சன சக்கர மிஷன்' என்ற திட்டத்தை அறிவித்தார். 2035-க்குள் ராணுவ இடங்கள் மட்டுமல்ல, மருத்துவமனை, ரயில்வே, வழிபாட்டுத் தலங்கள் போன்ற மக்கள் கூடும் இடங்களுக்கும் பாதுகாப்புக் கவசம் கிடைக்கும் என்றார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உலகம் முழுக்க பாதுகாப்பு நிபுணர்கள் 50 வருஷத்துக்கும் மேலாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: கவசம் போட்டால் அணு ஆயுத ஆபத்து குறையுமா, கூடுமா?

சுருக்கமா சொன்னா

- சாதாரண குண்டு வைத்த ட்ரோன், ஏவுகணைகளைத் தடுப்பதில் கவசம் பெரிய அளவில் உதவும்.
- அணுகுண்டு விஷயத்தில் 90 சதவீத வெற்றியும் தோல்விதான். ஒன்று தப்பி வந்தாலே ஒரு நகரம் போய்விடும்.
- ஒரு நாடு கவசம் கட்டினால், எதிர்த்தரப்பு அதைத் தாண்டும் வழியைத் தேடும். ஆயுத எண்ணிக்கை கூடும்.
- ஆனாலும் "நாங்கள் முதலில் தாக்க மாட்டோம்" என்று சொல்லும் நாட்டுக்கு, ஓரளவு கவசம் நியாயமான தேவை என்ற வாதமும் வலுவாக இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அணுகுண்டு இருந்தும் ஏன் யாரும் போடலை?

1945-ல் ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு எந்தப் போரிலும் அணுகுண்டு பயன்படுத்தப்படவில்லை. இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் 'டிடெரன்ஸ்'. தமிழில் எளிமையாக 'பதிலடி பயம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் உன் ஊரை அழித்தால், மிச்சம் இருக்கும் குண்டுகளை வைத்து நீ என் ஊரை அழிப்பாய். அதனால் நான் தொடங்க மாட்டேன். அதே காரணத்துக்காக நீயும் தொடங்க மாட்டாய். இவ்வளவுதான் விஷயம்.

கவனிங்க, இங்கே பாதுகாப்பு என்பது தாக்குதலைத் தடுப்பதால் வரவில்லை. இரண்டு பேருமே தடுக்க முடியாத நிலையில் இருப்பதால் வருகிறது. முதல் அடி வாங்கிய பிறகும் திருப்பி அடிக்கும் திறன் மிச்சம் இருக்க வேண்டும். இதைத்தான் 'இரண்டாம் தாக்குதல் திறன்' என்கிறார்கள். அந்தத் திறன் உறுதியாக இருக்கும் வரை பயமும் இருக்கும்.

ஸ்வீடனைச் சேர்ந்த சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2025 ஜனவரியில் இந்தியாவிடம் சுமார் 180 அணு ஆயுதங்கள், பாகிஸ்தானிடம் சுமார் 170, சீனாவிடம் சுமார் 600 இருந்தன. மூன்று நாடுகளுமே அடுத்தவரின் பதிலடியைக் கணக்கில் வைத்துத்தான் முடிவு எடுக்கின்றன.

இந்தியாவின் கவசம் எப்படி வேலை செய்யும்?

பாலிஸ்டிக் ஏவுகணை என்பது மேலே தூக்கிப் போட்ட கல் மாதிரி. முதல் சில நிமிஷம் எஞ்சின் தள்ளும். பிறகு விண்வெளி வரை போய், வளைந்து, இலக்கின் மீது விழும். 2,000 கிலோமீட்டர் தூர ஏவுகணையின் முனை கீழே வரும்போது நொடிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் வேகம் இருக்கும். உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை போகும் 10 கிலோமீட்டர் அவிநாசி சாலை மேம்பாலத்தை அது மூன்று நொடிக்குள் தாண்டிவிடும்.

இதைத் தடுக்க டி.ஆர்.டி.ஓ. இரண்டு அடுக்குகளை உருவாக்கியது.

முதல் அடுக்கு, காற்று மண்டலத்துக்கு வெளியே அல்லது அதன் விளிம்பில் தடுப்பது. பிருத்வி ஏவுகணையை அடிப்படையாகக் கொண்ட தடுப்பு ஏவுகணை 2006 நவம்பர் 27 அன்று சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் இலக்கைத் தகர்த்தது.

இரண்டாவது அடுக்கு, அதில் தப்பி வருவதைக் காற்று மண்டலத்துக்குள் தடுப்பது. இதற்கான ஏவுகணை 2007 டிசம்பர் 6 அன்று சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் வெற்றி பெற்றது.

இந்த இரண்டு அடுக்குக்கும் கண் மாதிரி இருப்பது 'ஸ்வார்ட்ஃபிஷ்' போன்ற நீண்ட தூர ரேடார்கள். ஏவுகணை கிளம்பியதைக் கண்டுபிடித்து, அது எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, தடுப்பு ஏவுகணைக்கு வழி சொல்வது எல்லாமே சில நிமிஷத்துக்குள் முடிய வேண்டும்.

அடுத்த கட்டமாக ஏ.டி-1 என்ற புதிய தடுப்பு ஏவுகணை 2022 நவம்பர் 2 அன்று முதல்முறை சோதிக்கப்பட்டது. 2024 ஜூலை 24 அன்று நடந்த இரண்டாம் கட்டச் சோதனைக்குப் பிறகு, 5,000 கிலோமீட்டர் ரக ஏவுகணைகளையும் தடுக்கும் திறனை நிரூபித்துவிட்டதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

எஸ்-400 தானே 2025-ல் காப்பாத்துச்சு?

இங்கேதான் நிறைய பேருக்குக் குழப்பம். எஸ்-400 ரஷ்யாவிடம் வாங்கியது. ஐந்து தொகுதிகளுக்கு 2018 அக்டோபர் 5 அன்று ஒப்பந்தம் போடப்பட்டது. இதன் அதிகபட்சத் தூரம் 400 கிலோமீட்டர். போர் விமானம், க்ரூஸ் ஏவுகணை, குறுகிய தூர பாலிஸ்டிக் ஏவுகணைகளைத் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை.

2025 மே 7 முதல் 10 வரை நடந்த மோதலில் எஸ்-400, உள்நாட்டில் தயாரான ஆகாஷ் ஏவுகணை, இவற்றை இணைக்கும் ஆகாஷ்தீர் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாம் சேர்ந்து பாகிஸ்தானின் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் தடுத்ததாக இந்தியா சொன்னது. 2025 ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் சோதிக்கப்பட்ட ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பு அமைப்பும் இதே வகைதான். அதில் இரண்டு வகை ஏவுகணைகளும் ஒரு லேசர் ஆயுதமும் சேர்ந்து மூன்று ஆளில்லா இலக்குகளை வீழ்த்தின.

ஆனால் அந்த நான்கு நாட்களில் வந்தது சாதாரண வெடிகுண்டு வைத்த ஆயுதங்கள். பத்தில் ஒன்பதைத் தடுத்துவிட்டால் அது பெரிய வெற்றி. தப்பிய ஒன்றால் ஒரு கட்டடம் சேதமாகலாம், சில உயிர்கள் போகலாம். அணுகுண்டு என்றால் தப்பிய அந்த ஒன்றே ஒரு நகரம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு தடுப்பு ஏவுகணை 80 சதவீதம் சரியாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு ஏவுகணை விடுகிறோம். அப்போது ஒரு இலக்கு வீழும் வாய்ப்பு 96 சதவீதம். அருமை இல்லையா?

இப்போது பத்து அணுகுண்டுகள் வருகின்றன. பத்தும் வீழ வேண்டும். அதற்கான வாய்ப்பு சுமார் 66 சதவீதம்தான். அதாவது, குறைந்தது ஒன்றாவது தப்பி விழுவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இருபது வந்தால்? அத்தனையும் வீழும் வாய்ப்பு 44 சதவீதமாக இறங்கிவிடும்.

இது எதிரி எந்தத் தந்திரமும் செய்யாத நிலையில். உண்மையில் போலி குண்டுகளும் சேர்ந்து வரலாம். விண்வெளியில் காற்று இல்லாததால், கனமான குண்டும் காற்று நிரப்பிய பலூனும் ஒரே வேகத்தில்தான் போகும். ரேடாரில் எது அசல், எது போலி என்று பிரிப்பது கஷ்டம். ஒரு பலூனுக்கு ஒரு தடுப்பு ஏவுகணை என்று செலவழித்தால், முதலில் காலியாவது நம்ம கையிருப்புதான்.

இஸ்ரேல் அனுபவமும் இதையே காட்டுகிறது. 2024 ஏப்ரலில் ஈரான் அனுப்பிய 300-க்கும் மேற்பட்ட ட்ரோன், ஏவுகணைகளில் 99 சதவீதத்தைத் தடுத்ததாக இஸ்ரேல் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று பாலிஸ்டிக் ஏவுகணைகள் மொத்தமாக வந்தபோது, சில தப்பி வந்து விமானப்படைத் தளத்திலேயே விழுந்தன. உலகின் சிறந்த கவசங்களில் ஒன்று என்று பெயர் எடுத்த நாட்டின் நிலை இது.

கவசம் எப்படி எதிரிக்குக் கத்தியாத் தெரியும்?

நூற்றுக்கணக்கான குண்டுகள் ஒரே நேரத்தில் வந்தால் எந்தக் கவசமும் தாங்காது. அப்புறம் ஏன் எதிர்த்தரப்பு பயப்பட வேண்டும்?

அவர்கள் போடும் கணக்கு இப்படி: "இந்தியா முதலில் தாக்கி எங்கள் ஏவுகணைகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டால், எங்களிடம் மிஞ்சுவது பத்தோ பதினைந்தோதான். அந்தச் சிலவற்றை அவர்களின் கவசம் தடுத்துவிடும். அப்போது எங்கள் பதிலடிக்கு மதிப்பே இல்லை."

அதாவது, மொத்தத் தாக்குதலைத் தடுக்க முடியாத கவசம், மிச்சம் மீதியாக வரும் பதிலடியைத் தடுக்கக்கூடும். கட்டியவர் "இது தற்காப்புக்கு" என்றாலும், எதிர்த்தரப்புக்கு அது முதல் தாக்குதலுக்கான தயாரிப்பாகத் தெரியும். பதட்டமான நேரத்தில் இந்தச் சந்தேகம் ரொம்ப ஆபத்து. "அவர்கள் அழிப்பதற்கு முன் நாமே போட்டுவிடலாம்" என்று யோசிக்க வைக்கும்.

அமெரிக்கா, ரஷ்யா கத்துக்கிட்ட பாடம்

இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டுதான் 1972-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரு விசித்திரமான ஒப்பந்தம் போட்டன. ஆயுதத்தைக் குறைப்பதற்கு அல்ல, தற்காப்பைக் குறைப்பதற்கு! தலா இரண்டு இடங்களில் மட்டுமே ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வைக்கலாம் என்றது அந்த ஒப்பந்தம். 1974-ல் அது ஒரே இடமாகக் குறைந்தது.

அந்த ஒரு இடத்துக்கு சோவியத் தேர்ந்தெடுத்தது தலைநகர் மாஸ்கோ. அமெரிக்கா தேர்ந்தெடுத்தது நியூயார்க்கோ வாஷிங்டனோ இல்லை. வடக்கு டகோட்டாவில் தன் அணு ஏவுகணைகள் புதைத்து வைத்திருந்த பகுதி. மக்களை விட்டுவிட்டு ஏவுகணைகளுக்குக் கவசம்! பதிலடித் திறன் பத்திரமாக இருந்தாலே மக்களும் பத்திரம் என்பது அவர்கள் கணக்கு. அந்த அமைப்பும் 1976-லேயே மூடப்பட்டது.

1983 மார்ச் 23 அன்று அதிபர் ரீகன் விண்வெளியில் இருந்தே ஏவுகணைகளைத் தடுக்கும் திட்டத்தை அறிவித்தார். அது நினைத்தபடி நிறைவேறவில்லை. 2002-ல் அமெரிக்கா 1972 ஒப்பந்தத்தில் இருந்தே விலகியது. 2018 மார்ச் 1 அன்று ரஷ்ய அதிபர் புதின், எந்தக் கவசத்தையும் தாண்டும் என்று சொல்லி அவன்கார்டு உள்ளிட்ட புதிய ஆயுதங்களை அறிமுகப்படுத்தினார். அமெரிக்கா ஒப்பந்தத்தில் இருந்து விலகியதையே அதற்குக் காரணமாகவும் காட்டினார்.

2025 மே மாதம் அதிபர் டிரம்ப் 175 பில்லியன் டாலர் செலவில் 'கோல்டன் டோம்' கட்டப்போவதாகச் சொன்னார். ரஷ்யாவும் சீனாவும் இந்தத் திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தன. பழைய கதை புதுப் பெயரில் ஓடுகிறது.

நம்ம பக்கத்துல என்ன நடந்தது?

2017 ஜனவரி 24 அன்று பாகிஸ்தான் 'அபாபீல்' என்ற ஏவுகணையைச் சோதித்தது. ஒரே ஏவுகணையில் பல அணுகுண்டுகளை வைத்துத் தனித்தனி இலக்குகளுக்கு அனுப்பும் தொழில்நுட்பம் இது. இந்தப் பகுதியில் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகள் வளர்ந்து வருவதால் இதை உருவாக்கியதாகப் பாகிஸ்தான் ராணுவமே அறிக்கையில் குறிப்பிட்டது. அதாவது இந்தியாவின் கவசத்துக்குப் பதில் இது.

2024 மார்ச் 11 அன்று இந்தியாவும் 'மிஷன் திவ்யாஸ்திரா' என்ற பெயரில் அக்னி-5 ஏவுகணையில் இதே தொழில்நுட்பத்தைச் சோதித்தது. சீனாவிடம் இது ஏற்கெனவே இருக்கிறது. காற்று மண்டலத்துக்குள்ளேயே வளைந்து நெளிந்து வரும் ஹைப்பர்சோனிக் ஆயுதங்களும் சீனாவிடம் இருக்கின்றன. கல் மாதிரி விழுவதைக் கணக்குப் போடலாம். வழியை மாற்றிக்கொண்டே வருவதை எப்படிக் கணக்குப் போடுவது?

அப்படின்னா கவசமே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தியாவின் நிலை கொஞ்சம் வேறு.

1998 மே மாதம் பொக்ரான் சோதனைகள் நடந்தன. 2003 ஜனவரி 4 அன்று இந்தியா தன் அணு ஆயுதக் கொள்கையை வெளியிட்டது. "முதலில் பயன்படுத்த மாட்டோம், எங்கள் மீது பயன்படுத்தினால் பதிலடி மிகக் கடுமையாக இருக்கும்" என்பது அதன் சாரம். பாகிஸ்தான் இப்படி ஒரு வாக்குறுதி தரவில்லை.

முதல் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் நாட்டுக்கு இரண்டு கவலை உண்டு. ஒன்று, பதிலடிக்கு உத்தரவு போட வேண்டிய தலைமை உயிரோடு இருக்குமா? இரண்டு, தவறுதலாகவோ, யாரோ அத்துமீறியோ ஒன்றிரண்டு ஏவுகணை விட்டுவிட்டால் என்ன செய்வது? இரண்டுக்குமே ஓரளவு கவசம் உதவும். டெல்லியை எளிதில் வீழ்த்த முடியாது என்று தெரிந்தாலே எதிரி தயங்குவான். ஒரே ஒரு ஏவுகணை தவறி வந்தால், அதை வீழ்த்திவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்வாதமும் உண்டு. அதே பணத்தை நீர்மூழ்கிக் கப்பல்களில் போட்டால் பதிலடித் திறன் இன்னும் உறுதியாகும், எதிரிக்கு வீண் சந்தேகமும் வராது என்கிறார்கள் விமர்சகர்கள். கடலுக்கு அடியில் மறைந்திருக்கும் ஐ.என்.எஸ். அரிஹந்த், 2024 ஆகஸ்ட் 29 அன்று படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். அரிகாட் போன்ற கப்பல்களைத் தேடி அழிப்பது லேசான காரியம் இல்லை.

இதுல தமிழ்நாடு எங்கே இருக்கு?

நீங்க நினைப்பதைவிட நெருக்கமாக இருக்கிறது.

கடலுக்கு அடியில் இருக்கும் கப்பலுக்கு உத்தரவு எப்படிப் போகும்? திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் வழியாக! தண்ணீருக்குள் ஊடுருவும் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் இந்த நிலையம் 1990-ல் இருந்து இயங்குகிறது. கட்டபொம்மன் பெயரில் இருக்கும் இந்தத் தளத்தின் உயரமான கம்பங்களும் இந்தியாவின் பதிலடித் திறனில் ஒரு கண்ணி.

கோவை சூலூர் விமானப்படைத் தளத்துக்கும் தேஜஸ் படைப்பிரிவுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 45-வது பிரிவு 2018-ல் இங்கே வந்தது, 18-வது பிரிவு 2020 மே 27 அன்று இங்கே தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் கலந்துகொண்ட 'தரங் சக்தி' பயிற்சியின் முதல் கட்டமும் சூலூரில்தான் நடந்தது. க்ரூஸ் ஏவுகணை, ட்ரோன்களை வானில் தடுப்பதில் போர் விமானங்களுக்கும் பங்கு உண்டு.

தொழில் பக்கம் பார்த்தால், 2019 ஜனவரி 20 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவை, சேலம் இரண்டும் கொங்கு மண்டலத்தில் வருகின்றன. மற்றவை சென்னை, ஓசூர், திருச்சி. பாதுகாப்புத் துறைக்கான புதிய தொழில்முனைவோரை வளர்க்கக் கொடிசியா தனி மையம் நடத்துகிறது. பம்ப்செட், காஸ்டிங், டெக்ஸ்டைல் மெஷின், சி.என்.சி. லேத் என்று துல்லிய வேலையில் கைதேர்ந்த ஊர் இது. கவசம் என்றால் ஆயிரக்கணக்கான தடுப்பு ஏவுகணைகள், ரேடார், லாஞ்சர் வண்டி. அவற்றின் உதிரிபாக ஆர்டர்கள் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ பட்டறைகள் வரை வர வாய்ப்பு உண்டு. வேலையும் வரும், வருமானமும் வரும்.

அதனாலேயே கொங்கு மண்டலத்துக்கு இந்தக் கேள்வி முக்கியம். தளமும் தொழிற்சாலையும் இருக்கும் ஊர், எதிரியின் வரைபடத்திலும் இருக்கும். காற்று மண்டலத்துக்குள் தடுக்கும் அமைப்பு ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டுமே காக்கும். ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி லாஞ்சர், தனித்தனி ரேடார் வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கவசம் வராது. எந்த ஊருக்கு முதலில், எதற்கு அடுத்தது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்த முறை 'சோதனை வெற்றி'ன்னு செய்தி வந்தா...

இந்த நான்கு கேள்விகளை மனசுல வெச்சுக்கங்க:

1. எதைத் தடுத்தது? ட்ரோனா, க்ரூஸ் ஏவுகணையா, பாலிஸ்டிக் ஏவுகணையா? மூன்றும் வேறு வேறு சவால்.
2. எத்தனையைத் தடுத்தது? ஒரு இலக்கை வீழ்த்துவது வேறு, ஒரே நேரத்தில் இருபதை வீழ்த்துவது வேறு.
3. போலி இலக்குகள் கலந்து வந்தனவா? வரும் நேரம் முன்கூட்டியே தெரிந்த சோதனையா?
4. இதற்கு எதிர்த்தரப்பு என்ன செய்யப்போகிறது? கவசத்தின் உண்மையான விலையில் அந்தப் பதிலும் சேரும்.

ட்ரோனும் சாதாரண ஏவுகணையும் வரும் போரில் சுதர்சன சக்கரம் உயிர்களைக் காக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அணுகுண்டைப் பொறுத்தவரை, இன்றைக்கும் கோவையைக் காத்து நிற்பது தடுப்பு ஏவுகணை அல்ல. "போட்டால் திரும்ப வரும்" என்று இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் இருக்கும் அந்தப் பயமும், பதட்டம் கூடும்போது போனை எடுத்துப் பேசும் பழக்கமும்தான்.